மகஜரில் எழுதாத உயிர்

பக்கத்து வீட்டுக்கு வங்கிக்காரர்கள் சீல் வைத்துவிட்டுப் போன மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அந்த வீட்டுக்காரி போன் செய்தாள். எனக்கு அன்று வார விடுமுறை. துணி துவைத்துக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு எடுத்தேன்.

“அக்கா, அது ஒழுங்கா துன்னுதா?”

“எதுடீ?”

“இன்னாக்கா நீ, எதுன்னு கேக்குற? நாய்தான். மோர் ஊத்தி சோறு வெச்சாலே போதும், அடம் பண்ணாது.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “உன் நாய் எங்கிட்ட எங்கடீ கீது? நீங்க இட்டுகினு போயிட்டீங்கன்னு இல்ல நான் நெனச்சிகினு கீறேன்?”

“ஏசப்பா!” என்று ஒரு குரல் வந்தது பாருங்கள், இப்போதும் என் காதிலேயே நிற்கிறது. வியாழக்கிழமை குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றும்போது, “நாயை அக்காகிட்ட விட்டுட்டேன், ஒரு வாரம் பாத்துக்குவாங்க” என்று புருஷன் அவளிடம் சொன்னானாம். அவர்கள் போனது வாலாஜாபாத்தில் அவள் அண்ணன் வீட்டுக்கு. அண்ணிக்கு நாய் என்றால் ஆகாது. மெதுவாகப் பேசிச் சரிக்கட்டிவிட்டுக் கூட்டிக்கொள்ளலாம் என்று இவளும் நம்பிவிட்டாள். என்னிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாயை விடவும் இல்லை. அப்படியானால் அது எங்கே?

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தோன்றியது. நான் போனைக் காதில் வைத்தபடியே கொல்லைப்புறம் வந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்தேன்.

நாங்கள் இருப்பது பென்னலூரை ஒட்டிய ஒரு மனைப்பிரிவு. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் என்று சொல்வார்கள், நான் பார்த்ததில்லை. நான் வந்தபோதே கல் நட்டு, ரோடு போட்டு, வீடுகள் எழும்பியாகிவிட்டது. இங்கே எல்லா வீட்டிலும் ஒருத்தராவது ஏதோ ஒரு கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். நான் பதினான்கு வருஷமாக ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவள் புருஷன், பக்கத்து வீட்டுத் தம்பி, வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் இருந்தான். அவன் வேலை பார்த்த லைனை மூடினார்கள். அப்புறம் காண்ட்ராக்டில் இங்கே மூன்று மாதம், அங்கே நான்கு மாதம் என்று அலைந்தான். வீட்டுக் கடன் அதற்கெல்லாம் காத்திருக்குமா? நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வந்து, கடைசியில் வியாழக்கிழமை ஆட்களே வந்துவிட்டார்கள்.

வங்கி அதிகாரி, ஒரு வக்கீல், இரண்டு போலீஸ். சாமான்கள் வண்டியில் ஏறியதும் அதிகாரி வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்து மூடிவிட்டு வந்தார். பிறகு என்னைப் பார்த்து, “மேடம், அக்கம்பக்கத்துல ஒரு சாட்சி வேணும்” என்றார். யாரும் முன்வரவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் நான் போடாவிட்டால் வேறு யாராவது போடத்தான் போகிறார்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நடுத்தெருவில் நிற்கும் நேரம்தான் நீளும் என்று நினைத்து ஹாலுக்குள் போனேன். மகஜர் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். வீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று வரிசையாக அச்சடித்து, பக்கத்தில் கட்டம் போட்டிருந்தது. அதில் ஒரு வரி: வீட்டினுள் மனிதர்களோ வளர்ப்புப் பிராணிகளோ இல்லை.

படித்தேன். படிக்காமல் போடவில்லை. ஆனால் படித்தேனே தவிர, பார்க்கவில்லை. எங்கள் லைனில் ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்கும்போது மெஷினுக்கு ஒரு செக்‌ஷீட் நிரப்ப வேண்டும். எண்ணெய் அளவு, காற்று அழுத்தம், பாதுகாப்புத் தடுப்பு என்று இருபது கட்டம். யாரும் இருபதையும் பார்ப்பதில்லை. மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக டிக் போட்டுவிட்டு மெஷினை ஓட்டுவார்கள். அப்படிச் செய்கிற பெண்களை நான் எத்தனை பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன்! அன்றைக்கு நானே அந்தக் கட்டங்களில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நாய் உள்ளே இருந்தால் குரைத்திருக்காதா என்று யாருக்கும் தோன்றும். இங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர்கள் வீட்டுக் கேட்டில் ஒரு துண்டைக் கட்டிவிடுவார்கள். துண்டு தொங்கினால் பெல் அடிக்கக் கூடாது. காய்கறி வண்டிக்காரர்கூட மைக்கை அணைத்துவிட்டுத்தான் அந்த வாசலைத் தாண்டுவார். பக்கத்து வீட்டுக் கேட்டில் வருஷக்கணக்கில் அந்தத் துண்டு தொங்கியது. படுக்கையறை ஜன்னலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளிச்சம் வராமல் பலகைக் கதவு போட்டிருந்தார்கள். நாயும் அந்த வீட்டு ஒழுங்குக்கு வளர்ந்தது. குட்டியாக இருக்கும்போதே அவள் அதன் வாயைப் பொத்தி “உஷ்” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு தம்பி படுத்துவிட்டால் அவன் எழுந்திருக்கும் வரைக்கும் அது மூச்சுக்கூட விடாது. சாயங்காலம் அவன் எழுந்து கட்டிலை இரண்டு தட்டுத் தட்டி, “எழுந்துட்டேன்டா” என்பான். அப்புறம் அது போடுகிற கூச்சல் தெருமுனை வரை கேட்கும்.

அப்படிப்பட்ட நாயை இருட்டறையில் விட்டு மூடினால் அது என்ன செய்யும்? தூங்குகிறவன் எழுந்திருப்பான் என்று காத்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில், கான்கிரீட் தளத்துக்கு அடியில், மூன்று நாளாக.

மதிலைத் தாண்டிக் குதித்தேன். இந்த வயதில் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதில் ஏறுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. முழங்கால் சிராய்த்தது. ஹால் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்தேன். வெறும் தரை. படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. அதிகாரி ஒழுங்காக மூடிவிட்டுத்தான் போயிருக்கிறார், பாவி மனுஷன். ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. பின்பக்கம் சுற்றி வந்தால் படுக்கையறையை ஒட்டிய குளியலறைக்கு உயரத்தில் ஒரு சின்னக் காற்றுத் துளை, சாய்வாகச் செருகிய கண்ணாடிப் பட்டைகளோடு. நம் தலை நுழையாது.

என் வீட்டு ஏணியை மதில் வழியாக இழுத்துப் போட்டு ஏறினேன். இரண்டு பட்டைகளை உருவினேன். உள்ளே இருட்டு. கண் பழகியதும் தரையில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப் தெரிந்தது. குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சீழ்க்கை அடித்தேன். கெஞ்சினேன். ஒரு அசைவும் இல்லை.

“ஸ்பீக்கர்ல போடுக்கா, நான் கூப்புடுறேன்” என்றாள் அவள். போட்டேன். அவள் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே அழுதாள், பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“வேணாக்கா. என் கொரல் கேட்டா அது இன்னும் அடங்கிப் போயிடும். நான்தானே அத வாயடக்கி வெச்சேன்.”

அவன் கூப்பிட்டால்தான் குரைக்கும் என்றாள். அவனோ காலை ஷிஃப்டில் இருந்தான். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும், மூன்றரைக்குத்தான் கையில் கிடைக்கும். காண்ட்ராக்ட் சூப்பர்வைசருக்கு அவள் போன் செய்தால், “ப்ரொடக்‌ஷன் டைம்ல நாய்க்கெல்லாம் ஆள அனுப்ப முடியாதும்மா” என்று வைத்துவிட்டானாம்.

என் வீட்டுக் குழாயிலிருந்து ஹோஸ் பைப்பை இழுத்துக் காற்றுத் துளை வழியாக விட்டு, அந்த டப்பைக் குறிபார்த்துத் தண்ணீர் நிரப்பினேன். பிஸ்கட்டுகளைப் போட்டேன். ஏணியிலேயே நின்று காத்திருந்தேன். வெயில் முதுகைச் சுட்டது. ஏதாவது ஒரு நாக்கு தண்ணீரை நக்கும் சத்தம் கேட்காதா என்று காது வலிக்க வலிக்கக் கேட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் டப்பில் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. “குடிச்சிருக்குடீ!” என்று கத்தினேன். பிறகுதான் டப்பின் அடியில் விரிசல் இருப்பதும், அது வழியாகத் தண்ணீர் ஓடுவதும் தெரிந்தது. பிஸ்கட்டுகள் போட்ட இடத்திலேயே ஊறிக் கிடந்தன.

கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸில் அதிகாரியின் நம்பர் இருந்தது. பின்னணியில் நாதஸ்வரச் சத்தம். காஞ்சிபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து விழாவில் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “மேடம், மகஜர்ல நீங்கதானே சைன் பண்ணீங்க?” என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. “ஆமா சார், நான்தான் பண்ணேன். பார்க்காம பண்ணேன். தப்புதான். நீங்க பார்த்தீங்களா?”

“நான் பெட்ரூம எட்டிப் பார்த்தேன். இருட்டா இருந்துச்சு. கட்டில் மட்டும் இருந்துச்சு.”

“கட்டிலுக்கு அடியில?”

அவர் பேச்சை மாற்றினார். சீலை உடைக்க மேலிடத்தில் சொல்ல வேண்டும், போலீஸ் வர வேண்டும், இன்றைக்கு வங்கி விடுமுறை என்று அடுக்கினார். “உள்ள நாய் இருக்குன்னு உங்களுக்கே உறுதியா தெரியாது. சத்தமும் இல்லைங்கறீங்க. நான் எதை வெச்சு மேல பேசறது? உயிரோட இருக்குன்னு ஏதாவது காட்டுங்க. ஒரு சத்தம் போதும். இல்லேன்னா திங்கட்கிழமை பார்க்கலாம் மேடம்.”

“திங்கட்கிழமை நாத்தம் வரும், அத வெச்சு மேல பேசுங்க” என்று வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வைத்தேன். கத்தியது தப்பு என்று வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த ஆள் ஒருவர்தான் கதவைத் திறக்க முடிந்தவர்.

என் வீட்டில் கடப்பாரை உண்டு. எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். ஒரு நெம்பு போதும். அவளோ போனில் அலறினாள். “வேணாங்கா! சீல ஒடச்சா நாங்கதான் ஆள் வெச்சு ஒடச்சோம்னு கேஸ் போடுவாங்க. அவர உள்ள வெச்சிடுவாங்க. உன் வேலையும் பூடும்.” அவள் சொன்னது சரிதான். ஆனாலும் கடப்பாரையை வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை. அங்கேயே சுவரில் சாய்த்து வைத்தேன். மூன்றரைக்கு அவன் போனை எடுக்கட்டும், நான்கரை வரை பார்ப்பேன், அதற்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் உடைத்துவிடுவேன், வருகிறது வரட்டும் என்று முடிவு செய்தேன்.

மதியம் முழுக்க அந்த ஏணிக்கும் என் வீட்டுக்கும் நடையாக நடந்தேன். சோறு இறங்கவில்லை. டப்பில் தண்ணீர் வடிய வடிய நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் பிஸ்கட்டைப் பார்த்தேன். மூக்கை அந்தத் துளையில் வைத்து மோந்தும் பார்த்தேன், சொல்ல வெட்கமில்லை. வாடை ஒன்றும் வரவில்லை. அதையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று நாற்பதுக்கு அவன் கூப்பிட்டான். என்னுடைய பதினோரு மிஸ்டு காலைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறான். நான் இன்னும் ஹலோகூடச் சொல்லவில்லை.

“அக்கா… செத்துடுச்சா?”

“உனக்கு எப்படிடா தெரியும், அது உள்ள கீதுன்னு?”

பின்னால் ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். உயிர் இருக்கிற வீட்டைப் பூட்டச் சட்டத்தில் இடமில்லை என்று கூட வேலை செய்கிற யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கேயோ ஒரு வீட்டில் மாடு கட்டியிருந்ததாம், வந்தவர்கள் பூட்டாமல் திரும்பிவிட்டார்களாம். இவன் அதை நம்பி, நாயைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து, ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு, என்னிடமும் அவளிடமும் உண்மையைச் சொல்லாமல் வெளியே வந்திருக்கிறான்.

“ஆளுங்க உள்ள போனா கொரைக்கும்க்கா. அப்புறம் பூட்ட மாட்டாங்க, ரெண்டு மாசம் டைம் கெடைக்கும்னு நெனச்சேன். நான் வண்டிகிட்ட நின்னுகினு, இப்ப கொரைக்கும், இப்ப கொரைக்கும்னு பாத்துகினே இருந்தேன். கொரைக்கலக்கா.”

“கொரைக்கலன்னதும் வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா கேடு?”

“ராத்திரி எப்படியும் கொரைக்கும், நீங்கல்லாம் சேந்து சத்தம் போட்டு தொறக்க வெப்பீங்கன்னு நெனச்சேன். நேத்து வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம்… செத்துருக்கும்னு பட்டுச்சு. எப்படிக்கா சொல்றது? அவகிட்ட எப்படி சொல்றது?”

நான் அவனைத் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. மனுஷனாடா நீ என்று கேட்டது மட்டும்தான் எழுதக்கூடியது. நேரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். மணி மூன்று ஐம்பது.

“சரி கேளு. உன் குரலக் கேட்டா அது கொரைக்கும். அது கொரைக்கிறத அந்த பேங்க் ஆபீசர் காதால கேக்கணும். அவரையும் லைன்ல சேக்கறேன். நீ கட்டில் தட்டுற மாதிரி எதையாச்சும் தட்டி, எழுந்துட்டேன்னு சொல்லு.”

“அவரு லைன்லயா? வேணாம்க்கா. வேற எதுனா பண்ணலாம்.”

அவனுடைய பயம் எனக்குத் தெரியும். வங்கியிலிருந்து வரும் போனுக்குப் பயந்து ஒன்றரை வருஷமாக நம்பர் மேல் நம்பராக மாற்றியவன். பெல் அடித்தாலே வியர்த்துப் போவான், நானே பார்த்திருக்கிறேன். “உனக்கு உன் வெக்கம் பெருசா, அதோட உசுரு பெருசா? இப்பவே சொல்லு. நான் கடப்பாரையோட நிக்கிறேன்” என்றேன். சரி என்றான். அந்தச் சரி காதில் விழுந்ததும் விழாததுமாக இருந்தது.

அதிகாரி இரண்டாவது முறை அடித்தபோதுதான் எடுத்தார். காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வராது. நாயின் சொந்தக்காரன் லைனில் இருக்கிறான், இரண்டே நிமிஷம் கேளுங்கள் என்றேன். ஏணியின் மேல்படியில் நின்று, கையை நீட்டி, போனைக் காற்றுத் துளைக்குள் பிடித்தேன்.

“சொல்லு தம்பி.”

அவன் எதையோ இரண்டு தட்டுத் தட்டினான். லாக்கர் கதவாக இருக்கும், தகரச் சத்தம். “எழுந்துட்டேன்டா.”

ஒன்றும் இல்லை.

“மேடம், எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்றார் அதிகாரி.

“இன்னொரு வாட்டி, சத்தமா.”

தட்டினான். சொன்னான். தண்ணீர் விரிசல் வழியாக ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. போன் உள்ளே விழுந்துவிடுமோ என்று பயந்து இரண்டு கையாலும் பிடித்தேன். மூன்றாவது முறை அவன் தட்டவில்லை. நாயின் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரை எழுத மாட்டேன். பெயரைச் சொல்லி, “எழுந்துட்டேன்டா, எழுந்துட்டேன்டா கண்ணு, வெளிய வாடா” என்று ஓவென்று அழுதான். சுற்றிலும் கம்பெனி ஆட்கள் நின்றிருப்பார்கள், கடன் வசூலிக்கிற அதிகாரி கேட்டுக்கொண்டிருக்கிறார், ஒன்றையும் அவன் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு இருமல் மாதிரி வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது வந்தபோதுதான் அது குரைப்பு என்று புரிந்தது. தொண்டை வறண்டு, குரல் உடைந்து, ஆனாலும் குரைப்பு. நான் ஏணியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரிதான் முதலில், “கேட்டுச்சு மேடம். நான் வரேன்” என்றார்.

வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. யார் யாரிடமோ அனுமதி வாங்கி, ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸை அழைத்துக்கொண்டு, காதுகுத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியோடும் நெற்றியில் சந்தனத்தோடும் வந்து இறங்கினார். அவரே அரக்கைத் தட்டி உடைத்தார். படுக்கையறைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தரையில் கவிழ்ந்து டார்ச் அடித்தேன். கட்டிலுக்கு அடியில் சுவரை ஒட்டிப் படுத்திருந்தது. விலா எலும்புகளை எண்ணலாம். என்னைப் பார்த்ததும் வாலைத் தரையில் மெதுவாகத் தட்டியது. ஊர்ந்து போய் இழுத்து மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். எடையே இல்லை. கையில் தண்ணீர் ஏந்திக் கொடுத்தேன், குடித்தது. நான் அழுதேன். அதிகாரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு புதிதாக ஒரு மகஜர் எழுதினார்.

அந்த நேரத்தில்தான் அவர்கள் இரண்டு பேரும் பைக்கில் வந்தார்கள். அவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். நான் நாயைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். அது அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவன் அதன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் நாயைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள், விலா எலும்பில் விரலை வைத்துப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அவரு வர்ற வழியில எல்லாத்தையும் சொன்னாரு. கட்டிலுக்கு அடியில கீது, ஆளுங்க போனதும் கூட்டிக்கோங்கன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே வந்தாரு? உள்ள ஒரு உசுரு கீதுன்னு தெரிஞ்சும் இல்லேன்னு கையெழுத்து போட்டீங்களா? காலையில எங்கிட்ட ஒண்ணுமே தெரியாத மாதிரி பேசுனீங்களே! உங்கள எங்க கூடப்பொறந்த அக்கா மாதிரி நெனச்சேனே!”

நான் அவனைப் பார்த்தேன். அவன் முகத்தை எடுக்கவில்லை. எடுப்பான் என்று காத்திருந்தேன். அதிகாரி பார்க்கிறார், பெண் போலீஸ் பார்க்கிறாள், தெருவே வாசலில் நின்று பார்க்கிறது. என் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்த சரித்திரமே கிடையாது, எங்கள் பிளாண்ட் மேனேஜரைக் கேட்டால் சொல்வார்.

ஆனால் அவள் நின்ற கோலத்தைப் பார்த்தேன். வீடு போயிற்று. காதில் கழுத்தில் இருந்ததெல்லாம் அதற்கு முன்பே போயிற்று. இன்று இரவு போய் அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அண்ணன் வீட்டில்தான் படுக்க வேண்டும், பக்கத்தில் இவன்தான் படுத்திருப்பான். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அவள் எங்கே போய்ப் படுப்பாள்?

“மறந்துட்டேன்மா. அன்னிக்கி இருந்த பரபரப்புல மறந்துட்டேன்” என்றேன்.

அவள் தரையில் துப்பவில்லை, அவ்வளவுதான். பைக்கின் பின்னால் ஏறி, நாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் வண்டியைக் கிளப்பும்போது ஒரு நொடி என்னைப் பார்த்தான். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் கிடைத்த பாத்திரத்தை எல்லாம் சுவரில் அடித்தேன். நான் பெரிய மனசுக்காரி இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

வாரம் ஒரு முறை அவன் நாயின் போட்டோ அனுப்புகிறான். ஒரு வார்த்தை எழுதுவதில்லை. நானும் பதில் போடுவதில்லை, ஆனால் பெரிதாக்கிப் பார்க்கிறேன். உடம்பு தேறியிருக்கிறது. போன மாதம் ஒரகடம் கூட்டு ரோட்டில் பழக்கடை முன்னால் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவில் புகுந்து ரோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டாள். எனக்கு அங்கேயே கத்திச் சொல்லிவிடலாம் போல இருந்தது.

ஒரு நாள் சொல்லத்தான் போகிறேன். முதலில் அவளுக்கென்று ஒரு வீடு அமையட்டும், வாடகை வீடாக இருந்தாலும் பரவாயில்லை. அவனை வெளியே நிற்க வைப்பதற்கு அவளுக்குச் சொந்தமாக ஒரு கதவாவது வேண்டும்.